முடிக்கு ஆசைப்பட்டவன்

"முடி பெருசா, உங்க அக்கா உயிர் பெருசாடா?"

அக்கா புருஷனான மாமா போட்ட சத்தத்தில் ஆஸ்பத்திரி வராந்தாவே திரும்பிப் பார்த்தது. தம்பி சுவரோரம் தலைகுனிந்து நின்றான்.

அவன் ஈரலில் ஒரு பகுதியை எடுத்து அக்காவுக்கு வைப்பதாக ஏற்பாடு. வீட்டில் வேறு யாருடைய ரத்தமும் சேரவில்லை. மறுநாள் ஆபரேஷன் என்ற நிலையில், கடைசிச் சோதனையில் அவன் ஈரலே வீங்கியிருப்பது தெரிந்து டாக்டர் கையை விரித்துவிட்டார். அது தேறச் சில மாதங்கள் ஆகுமாம். பாவி மகளுக்கு அவ்வளவு நாள் ஏது?

"அந்த முடி வளர்ற மாத்திரையைத்தானே முழுங்கினே? இயற்கை மூலிகை, ஒண்ணும் பண்ணாதுன்னு டப்பா டப்பாவா வாங்கினியே."

வாங்கியது உண்மைதான். முன்மண்டை மைதானமாகி, பார்த்த பெண் வீடுகளெல்லாம் நழுவிக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் ஆசை வராது?

"ஈரலுக்கு ஆகாதுன்னு டாக்டர் சொன்ன அன்னைக்கே குப்பையில போட்டுட்டேன் மாமா."

"என் காதுல பூ சுத்தாதே. அப்போ நெத்தியில புதுசா முடி எப்படி முளைச்சுது?"

தம்பி தடவிப் பார்த்தான். முளைத்துத்தான் இருந்தது. "சத்தியமா எனக்குத் தெரியலை மாமா" என்றான். மாமா நம்பவில்லை. துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

திறந்திருந்த கதவு வழியே எல்லாம் கேட்டுக் கிடந்த அக்கா, கைகாட்டி இருவரையும் உள்ளே கூப்பிட்டாள்.

"ஏன் குப்பையில போட்டேன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாடா?"

"சொன்னா, எனக்காக இதையும் விட்டுட்டானேன்னு நீ வருத்தப்படுவியேக்கா."

அக்கா அவன் தலையைத் தடவிக்கொடுத்தாள். கண்ணீர் காதோரம் வழிந்தது.

"அவனைத் திட்டாதீங்க. கல்யாணமே வேணாம்னு வெறுத்துப்போய்த் தூக்கிப் போட்டுட்டான்னு நெனச்சேன். எனக்காக வயித்துல தழும்பு, தலையிலயும் முடி இல்லேன்னா இவனுக்கு யாரு பொண்ணு கொடுப்பா? நான்தான் அந்த டப்பாவை எடுத்து வெச்சு, ஆஸ்பத்திரியில சேர்ற வரைக்கும் தினமும் மாத்திரையைப் பொடிச்சு இவன் காபியில கலந்து கொடுத்தேன்."