சட்டசபையில் ஒரு தங்கை

வான்மதி கணவனுக்கு ரசம் ஊற்றிக்கொண்டிருந்தபோது தொலைக்காட்சியில் அவளுடைய வரிகள் கேட்டன. புருஷன் கையெழுத்து இல்லாமல் பெண்கள் கருத்தடை செய்துகொள்ளலாமா என்று சட்டசபையில் விவாதம்.

"என் தங்கை யாரிடமும் சொல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போய் காப்பர்-டி வைத்துக்கொண்டாள்," என்றார் ஓர் உறுப்பினர். "வலியோடு பஸ்ஸில் திரும்பியவள், பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத ஒருத்தியின் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். அந்தத் தோள்தான் அன்றைக்கு அவளுக்குத் தாய்வீடு."

மேசைகளைத் தட்டினார்கள். உறுப்பினர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அவருக்குத் தங்கை உண்டோ இல்லையோ, அந்தத் தோளில் சாய்ந்தவள் வான்மதி. இரண்டாவது மகள் பிறந்த பிறகு நடந்ததைப் புனைபெயரில் தன் வலைப்பூவில் எழுதியிருந்தாள். 'நான்' என்பதைத் 'தங்கை' ஆக்கியதைத் தவிர அவர் ஒரு சொல்லையும் மாற்றவில்லை. அது என்னுடையது என்று அவள் எங்கே போய்ச் சொல்வாள்? அடுத்ததாவது பையனாகப் பிறக்கட்டும் என்று கோயில் கோயிலாக வேண்டிக்கொண்டிருக்கும் தணிகாசலம் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

சோறு பிசைந்த கை அப்படியே நின்றது. "பாவம்டி அந்தப் பொண்ணு," என்றான். "புருஷன்னு ஒருத்தன் இருந்தும் யாரோ தோள்ல போய் சாஞ்சிருக்கா பாரு."

"அவனுக்குத் தெரியாதுங்க."

"கூடவே இருக்கறவனுக்கு எப்படித் தெரியாமப் போகும்?" என்று நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

வான்மதி பார்வையை விலக்கவில்லை. அவன்தான் முதலில் தட்டைக் குனிந்து பார்த்தான்.

"கொஞ்சம் மோர் ஊத்து," என்றான்.