ஆந்தைக் காசு

லொரெட்டாவின் உள்ளங்கையில் காசு வெதுவெதுப்பாக இருந்தது. சவப்பெட்டிக்குள் அவள் கணவர் வெண்டலின் கை சில்லிட்டிருந்தது.

வெளியே நெப்ராஸ்காவின் பனி ஓயாமல் பெய்துகொண்டிருந்தது. வண்ணக் கண்ணாடிகளில் வடிகட்டி வந்த வெளிச்சத்தில் தேவாலயமே தண்ணீருக்கடியில் கிடப்பதுபோல் இருந்தது. போதகர் பேசுவது எங்கோ தூரத்தில் கேட்டது. தான் உட்கார்ந்திருக்கிறோமா மிதக்கிறோமா என்று அவளுக்குத் தெரியவில்லை.

பித்தளைக் காசு. ஒரு பக்கம் ஆந்தை. மறுபக்கம் படைப்பிரிவின் எண், தேய்ந்தே போய்விட்டது. எந்தக் கடையிலும் செல்லாது. ஆனால் வெண்டல் அதைக் குளிக்கப் போகும்போதுகூட விடமாட்டார். சோப்புப் பெட்டியில் ஆந்தை உட்கார்ந்திருக்கும்.

எங்கள் ஆட்கள் இருக்கும் இடத்தில் இது கீழே விழுந்து சத்தம் வந்தால், கேட்டவன் ஒவ்வொருவனும் அந்த நிமிடமே தன் காசை எடுத்து வைத்தாக வேண்டும், இல்லாதவன் எல்லோருக்கும் பீர் வாங்கித் தர வேண்டும் என்று சொல்லிச் சிரிப்பார். எந்த ஆட்கள் என்று கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவார்.

ராணுவக் காகிதங்களில் அவர் வெறும் சமையல்காரர். வீட்டில் அவருக்கு முட்டை பொரிக்கக்கூடத் தெரியாது.

கதை அளக்கிற ஆள் என்று ஊரே அவரை ஒதுக்கி வைத்திருந்தது. அந்தக் காசு பழைய சாமான் சந்தையில் வாங்கியதுதான் என்று லொரெட்டாவின் அக்கா வெர்னா அடித்துச் சொல்வாள். லொரெட்டா அக்காவோடு மல்லுக்கு நிற்பாள். பிறகு, பக்கத்தில் குறட்டை விடும் கணவரைப் பார்த்துக்கொண்டே, அக்கா சொல்வது நிஜமாக இருக்குமோ என்று நினைப்பாள். முப்பது வருடம் அப்படியே ஓடிவிட்டது. இனி கேட்பதற்கு அவரும் இல்லை.

கடைசி வரிசையில், முன்பின் தெரியாத கிழவர்கள் சிலர் உட்கார்ந்திருந்தார்கள். தனித்தனியாக வந்தவர்கள். ஒருவரோடு ஒருவர் பேசவும் இல்லை.

"அடக்கம் முடிஞ்சதும் தர்ற ஓசி சாண்ட்விச்சுக்கு வந்திருக்குதுங்க, பாரு," என்று வெர்னா காதைக் கடித்தாள்.

பெட்டியை மூட ஆட்கள் வந்தார்கள். காசை அவர் சட்டைப் பையில் வைக்க லொரெட்டா எழுந்து போனாள்.

காசு விழுந்தது.

கல் தரையில் கணீரென்று ஒலித்து, உருண்டு, தன்னைத்தானே சுற்றி, மெல்ல மெல்லப் படுத்தது. போதகர் பேச்சை நிறுத்திவிட்டார்.

லொரெட்டா அதை எடுக்கக் குனியவில்லை.

பின்னால் 'டக்' என்று ஒரு சத்தம்.

இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. அப்புறம் வரிசை முழுக்க.

திரும்பிப் பார்த்தாள். கிழவர்கள் எல்லோரும் எழுந்து நின்றிருந்தார்கள். அவர்களுக்கு முன்னாலிருந்த மரப்பலகையில், ஆளுக்கொரு ஆந்தை.

வெர்னாவின் வாய் திறந்தது திறந்தபடியே இருந்தது.

அவர்களில் ஒருவர் கைத்தடியை ஊன்றி நடந்து வந்தார். சிரமப்பட்டுக் குனிந்து காசை எடுத்து லொரெட்டாவின் கையில் வைத்தார். அவளுக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்தது. கூடவே வெட்கம் பிடுங்கித் தின்றது.

"கை தவறி விழலைங்க," என்றாள், அவருக்கு மட்டும் கேட்கும்படி. "நான்தான் போட்டேன்."

"தெரியும்மா," என்றார் அவர். "படுக்கையில கெடந்தப்பவே போன் பண்ணினான். என்னை அடக்கம் பண்ற அன்னைக்கு என் பொண்டாட்டி எப்படியும் காசைக் கீழ போடுவா, மறக்காம உங்க காசை எடுத்துட்டு வாங்கடான்னான்."