மூன்று கல்

"இந்த மூணு கல்லையும் தொட்டுடாதீங்க. அடியில கண்ணுக்குத் தெரியாதவங்க தூங்குறாங்க."

நான்கு நாள் மலைநடையின் முதல் நாள், ஆவி பறக்கும் எரிமலைச் சரிவில் வழிகாட்டி அல்டா எச்சரித்தாள்.

மறுநாள் பனியாறு பார்த்துவிட்டுப் பசியோடு திரும்பினால், அங்கே இடுப்பளவுக் கற்குவியல். அந்தக் கதை பரவி, கடந்துபோன குழுவெல்லாம் மரியாதைக்கு ஆளுக்கொரு கல் வைத்திருந்தது.

அல்டா குவியலில் கைவைத்ததும் குழுவில் வந்த ஸ்டுர்லா பெரியவர் குறுக்கே நின்றார்.

"நீதானேம்மா தொடாதேன்னே?"

"தள்ளுங்க ஐயா."

"சாபம் பிடிக்கும். முதல்ல சாப்பாட்டைப் போடு."

"சாப்பாடே அடியிலதான் இருக்கு. சுடுற மண்ணுல வேகட்டும்னு நேத்து ரொட்டியைப் புதைச்சேன். எவனும் தோண்டித் தின்னுடக் கூடாதேன்னுதான் அந்தக் கதை."

ஸ்டுர்லா தொப்பியைக் கழற்றிக் குவியலைக் கும்பிட்டார். பிறகு முதல் கல்லை அவரே எடுத்தார்.

"வெண்ணெய் கொண்டுவந்திருக்கியா?"