இன்னும் ஒரு தரம்

"பையை இப்படிக் குடு. செருப்பை நான் எடுத்து வைக்கிறேன், நீ குனியாதே."

ஸ்கேன் அறை வாசலில் மனைவியின் கையிலிருந்த துணிப்பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார் அந்த மனிதர்.

"ஆறு மாசமா ஒரு சொம்புத் தண்ணி தூக்க விட்டதில்லை மேடம்" என்றார் டாக்டரம்மாவிடம். "கர்ப்பப்பை இறங்கி ஆபரேஷன் ஆச்சில்ல? இன்னைக்கு ஸ்கேன் நல்லா வந்தாத்தான் வெயிட் தூக்கலாம்னு பெரிய டாக்டர் சொல்லியிருக்கார்."

டாக்டரம்மா இருபது வருஷமாக ஸ்கேன் பார்க்கிறாள். அவள் கண்ட கணவன்மார்கள் எல்லாம் வாசல் நாற்காலியில் போனும் கையுமாக உட்கார்ந்துவிடுகிறவர்கள். 'கொடுத்து வெச்சவ' என்று நினைத்தபடி கதவைச் சாத்தினாள்.

திரையில் மூத்திரப்பையும் கர்ப்பப்பையும் இருக்கவேண்டிய இடத்தில் இருந்தன.

"மூச்சைப் பிடிச்சு, கீழ்ப்பக்கமா முக்குங்கம்மா. வெட்கப்படாதீங்க, மறுபடி இறங்குதான்னு பாக்கத்தான்."

மற்ற பெண்களிடம் இதற்குக் கெஞ்சிக் கூத்தாட வேண்டும். இவளோ கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க முக்கினாள்.

"போதும்மா, போதும்! அசையவே இல்லை."

"இன்னும் ஒரு தரம் பாருங்கம்மா."

பார்த்தாள். அப்படியேதான் இருந்தது.

"எழுந்து நின்னு முக்கட்டுமா? இருமிப் பாக்கட்டுமா? கொஞ்சூண்டு கூடவா இறங்கலை?"

டாக்டரம்மாவுக்குச் சுருக்கென்றது. போன மாதம்தான் ஒருத்தி, ஆபரேஷன் சரியில்லை என்று பெரிய டாக்டர் மேல் புகார் எழுதிப்போட்டு நாறடித்திருந்தாள். இவளும் அந்த ரகமா?

"ஏம்மா, நல்லபடியா இருக்கணும்னு பயந்துக்கிட்டே வர்றவங்களைத்தான் பாத்திருக்கேன். கெட்டுப் போயிருக்கணும்னு வந்த முதல் ஆள் நீங்கதான். அந்த டாக்டர் உங்களுக்கு என்ன பாவம் செஞ்சார்?"

அவள் புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வியர்வையை மட்டும் துடைத்த மாதிரி தெரியவில்லை.

"வெளியில ஒரு மனுஷன் உங்களைத் தாங்கு தாங்குன்னு தாங்கறார். அவருக்காகவாவது சந்தோஷப்படுங்க."

கதவைத் திறந்தாள். "சார், ஆபரேஷன் பிரமாதம். எல்லாம் கல்லு மாதிரி நிக்குது."

"அப்ப வெயிட் தூக்கலாமா மேடம்?"

"தாராளமா."

அவர் கையெடுத்துக் கும்பிட்டார். கண்கூடக் கலங்கியிருந்தது. நின்ற இடத்திலேயே மகனுக்குப் போன் போட்டார்.

"டேய், அம்மாவுக்குச் சரியாயிடுச்சுடா! தாத்தாவைத் தூக்கிக் குளிப்பாட்ட வர்ற ஆளை நாளையிலேருந்து வர வேண்டாம்னு சொல்லிடு. தண்ணி கேன் போடறவன்கிட்டயும் சொல்லு, மாடிக்கெல்லாம் தூக்கிட்டு வர வேணாம், பழையபடி கீழயே வெச்சிட்டுப் போகட்டும்."

டாக்டரம்மா திரும்பிப் பார்த்தாள். அந்த அம்மாள் குனிந்து, தானே செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டிருந்தாள்.

அவர் தோளிலிருந்த பையைக் கழற்றி மனைவியிடம் நீட்டினார்.

"ம், பிடி."