மூன்றாவது ரிமோட்

கதவு இன்றைக்கும் திறந்து கிடந்தது.

காரை வீதியிலேயே நிறுத்திவிட்டு அவர் கராஜைப் பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் மூடிவிட்டுத்தான் வேலைக்குப் போனார். சத்தியமாக மூடினார்.

குப்பைத் தொட்டியை ரக்கூன் உருட்டி விளையாடியிருந்தது. அது கிடக்கட்டும்.

ரிமோட்டை அமத்தினார். கதவு பாதி இறங்கியது. நின்றது. திரும்ப மேலே போனது. மோட்டரின் விளக்கு விட்டுவிட்டு எரிந்தது.

சுவரிலுள்ள சுவிட்சை விரல் நோகப் பிடித்துக்கொண்டு நின்றால்தான் மனமிரங்கி மூடுகிறது.

தங்கச்சி போனில் ஒரே பாட்டுத்தான். "கொள்ளி வைக்கவேண்டியவன் வைக்கேல்லை அண்ணை. மச்சாள் அலையிறா."

அவருக்கும் அந்த எண்ணம் இருந்தது. அவர் மனைவி யோகமலர் ஒருநாளும் முன்வாசலால் வந்தவளில்லை. மரக்கறிப் பைகளோடு கராஜ் வழியாகத்தான் வருவாள். செத்தால் மட்டும் பழக்கம் மாறுமா?

வந்துவிட்டுப் போகட்டும் என்று சில நாள் விட்டார்.

கொள்ளி என்றால் இந்த ஊரில் நெருப்பா வைக்கிறார்கள்? தகன மண்டபத்தில் ஒரு பட்டன். மகன் அதை அமத்தவேண்டும். அவ்வளவுதான்.

அவர் விடவில்லை.

ஆஸ்பத்திரியில் மெஷினை நிப்பாட்டச் சொல்லிக் கையெழுத்து வைத்தவன் துவாரகன். இனி ஒன்றும் இல்லை என்று டொக்டர்மார் சொன்ன பிறகுதான் வைத்தான். என்றாலும் வைத்தான். பெற்ற தாய்க்கு வைத்தான்.

"கொம்மாவைச் சாக்காட்டிப்போட்டுக் கொள்ளியும் வைக்கப் போறியோ?"

மண்டபம் நிறைந்த சனத்துக்கு முன்னால் கேட்டார். தங்கச்சியின் மகன் முன்னால் போய்ப் பட்டனை அமத்தினான். துவாரகன் கடைசி வரிசையில், சுவரோடு சுவராக நின்றான்.

வீட்டுத் திறப்பை அன்றைக்கே கேட்டு வாங்கினார். அவன் சாவிக்கொத்திலிருந்து கழற்றிக் கொடுத்தான்.

சனிக்கிழமை மத்தியானம் கதவு திருத்துகிற றமணன் வந்தான். மோட்டரைப் பார்த்தான். வயரைப் பார்த்தான். பிறகு குந்தியிருந்து, நிலத்தோடு இருக்கிற சென்சரைப் பார்த்தான்.

"இந்தச் சாடிதான் அண்ணை. ஆரோ யன்னல் பக்கமாத் திருப்பி வைச்சிருக்கினம். சென்சரிலை முட்டி மறைக்குது. பிறகு எப்பிடிக் கதவு மூடும்?"

யோகமலரின் கறிவேப்பிலைச் சாடி. குளிர் விட்டதும் வெளியே வைக்கலாம் என்று வீட்டுக்குள்ளிருந்து இந்த இடம்வரைக்கும் அவள்தான் இழுத்து வந்தாள். அந்தக் கிழமைதான் விழுந்தாள்.

அவர் அதன் பக்கமே போனதில்லை. பார்த்தால் அழுகை வரும். தண்ணீர்கூட ஊற்றவில்லை.

எப்போதோ பட்டுப்போயிருக்கவேண்டிய செடி.

துளிர் விட்டிருந்தது.

விரலை மண்ணில் வைத்தார். ஈரம்.

றமணன் ஏணியில் ஏறி நின்று தன்பாட்டில் சொல்லிக்கொண்டிருந்தான். கதவு தானாகத் திறக்காதாம். அவரிடம் ஒரு ரிமோட், யோகமலரின் கைப்பையில் ஒன்று. இவை இரண்டையும் தவிர இன்னொன்று வெளியில் யாரிடமோ இருக்கவேண்டுமாம்.

திறப்பைக் கேட்டு வாங்கியவருக்கு ரிமோட்டின் ஞாபகம் வரவேயில்லை. அது துவாரகனின் காரில், வெயில் மறைக்கிற தட்டில் செருகியிருக்கும்.

அவர் வேலைக்குப் போன நேரம் பார்த்து வந்திருக்கிறான். தாயின் செடிக்குத் தண்ணீர் ஊற்றியிருக்கிறான். வெளிச்சம் படட்டும் என்று திருப்பி வைத்திருக்கிறான். போகும்போது ஒழுங்காகக் கதவை மூடவும் அமத்தியிருக்கிறான். பாதியில் அது திரும்ப மேலே போனதை அவன் காணவில்லை.

"இதை அமத்திப் பிடிச்சால் பழைய ரிமோட் எல்லாம் அழிஞ்சுபோம் அண்ணை. உங்கடை ரெண்டையும் திரும்பப் பதிஞ்சு தாறன். பிறகு ஒருத்தரும் வரேலாது."

றமணனின் விரல் மோட்டரிலுள்ள பட்டனில் இருந்தது.

"கையை எடும் தம்பி!"

றமணன் பயந்துபோய்க் கையை எடுத்தான். சாடியைத் தள்ளி வைத்து, சென்சரை நேராக்கிவிட்டுப் போனான்.

கதவு வழுவழுவென்று இறங்கி மூடியது.

திங்கட்கிழமை வேலைக்குப் போகுமுன் வீட்டுத் திறப்பைச் சாடி மண்ணின்மேல் வைத்தார். கடிதம் எழுத யோசித்தார். என்னத்தை எழுதுவது? திறப்பே போதும். விளங்குகிறவனுக்கு விளங்கும்.

அன்றைக்கு முழுக்க வேலை ஓடவில்லை.

பின்னேரம் வந்தபோது கதவு மூடிக் கிடந்தது.

அவன் வந்தானா, வரவில்லையா, வெளியிலிருந்து ஒன்றும் தெரியவில்லை. பாழாய்ப்போன கதவை ஏன் திருத்தினேன் என்றிருந்தது.

திறந்து உள்ளே ஓடினார்.

மண் நனைந்திருந்தது.

திறப்பு சாடியின் விளிம்பில் இருந்தது. மண் ஒட்டாமல் துடைத்து, பத்திரமாக வைத்திருந்தான்.

அவன் அதை எடுத்துப் போகவில்லை.

யோகமலர் சப்பாத்துக் கழற்ற இருக்கும் சின்னக் கதிரையில் அவர் இருந்தார். விம்மி விம்மி அழுதார். அவள் செத்த அன்றைக்குக்கூட இப்படி அழவில்லை.

அழுது முடிந்ததும் எழும்பினார். சாடியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்து, பழைய இடத்திலேயே சென்சரோடு முட்ட வைத்தார்.

ரிமோட்டை அமத்தினார்.

கதவு பாதி இறங்கியது. நின்றது. திரும்ப மேலே போனது.

கதவு திறந்தே கிடக்கட்டும்; அவன் வரும்போது தானும் வீட்டில் இருக்கவேண்டும். போனை எடுத்து, நாளைக்கு வேலைக்கு வரமாட்டேன் என்று சூப்பர்வைசருக்குச் சொன்னார்.

ஏன் என்று கேட்டான்.

"வீட்டிலை கராஜ் கதவு பழுது," என்றார்.