பிசிறில்லாத பயணம்

உப்புத்தாள் என்றால்தான் அவரை எல்லோருக்கும் தெரியும். பெற்றோர் வைத்த பெயர் பாஸ்போர்ட்டோடு சரி. மரச்சாமான்களைத் தேய்த்து மெருகேற்றுவது அவர் தொழில். பிசிறு ஒன்றைக் கண்டுவிட்டால் அவருக்கு இருப்புக் கொள்ளாது. சட்டைப் பையில் மடித்து வைத்திருக்கும் உப்புத்தாள் துண்டு உடனே வெளியே வந்துவிடும். பெண் பார்க்கப் போன இடத்தில், பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே நாற்காலிக் கையைத் தேய்த்து வழவழப்பாக்கிவிட்டு வந்தவர் என்று அவர் மனைவி இன்றைக்கும் சொல்லுவாள்.

அத்தகையவர் மூன்று மாத விசாவில் அயல்நாடு ஒன்றுக்குச் சென்று, ஒரு மரச்சாமான் பட்டறையில் ஆறாண்டுகள் தங்கிவிட்டார். ஏழாம் ஆண்டு பிடிபட்டார். விரல்களை ஓர் இயந்திரத்தின்மீது நாலைந்து தடவை வைக்கச் சொல்லி, தங்களுக்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு, அந்நாட்டு மொழியில் அச்சடித்த தாள் ஒன்றைக் கையில் திணித்து, விமானத்தில் ஏற்றிவிட்டார்கள்.

அந்தத் தாளைப் படித்துச் சொன்னவர் மைத்துனர். மனைவியின் அண்ணன்; பயண ஏற்பாட்டு அலுவலகம் நடத்துபவர்; தமக்குத் தெரியாத மொழி உலகத்தில் இல்லை என்பது அவருடைய துணிபு. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தாளை மேலும் கீழும் பார்த்து, நீண்ட பெருமூச்சொன்று விட்டார்.

"ஆயுள் தடை, மாப்பிள்ளை. இனிமே அந்த நாட்டை நீங்க படத்துலதான் பார்க்கணும்."

பிறகு ஐந்தாண்டுகள் மைத்துனர் அலுவலகத்து வாசலோரம் உப்புத்தாளுக்கு ஒரு நாற்காலி. காட்சிப் பொருளாக உட்கார்ந்திருப்பதே உத்தியோகம். விசா கேட்டு வருவோரிடம் மைத்துனர் அவரை நோக்கி விரலை நீட்டுவார்.

"கெடு தாண்டித் தங்கலாம்னு தோணிச்சுன்னா, ஒரு நிமிஷம் இவரைத் திரும்பிப் பாருங்க. அப்புறம் தோணவே தோணாது."

அந்நிலையில்தான் பழைய பட்டறை முதலாளியிடமிருந்து தொலைபேசி வந்தது. மேஸ்திரி வேலை காலியாக இருக்கிறதாம். மாத முடிவுக்குள் வந்தால் அவருக்கே. நாற்காலியிலிருந்து எழுந்திருக்க உப்புத்தாளுக்கு வேறு வழி கிடையாது.

"அண்ணா, இவர் மூஞ்சியைப் பார்க்கச் சகிக்கலை. ஏதாவது பண்ணேன்" என்று மனைவி பிடித்துக்கொண்டாள்.

மைத்துனர் பண்ணினார். வேறொரு பெயரில் பாஸ்போர்ட் தயாராயிற்று. தொழில், சலவை. முகத்துக்குத் தாடி.

"பேரை மாத்தியாச்சு, மாப்பிள்ளை. விரலை என்ன பண்றது? ரேகை காட்டிக் குடுத்துடுமே!"

உப்புத்தாள் தம் கட்டைவிரலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஐந்தாண்டுச் சோம்பலில் விரல் மெத்தென்று ஆகியிருந்தது. அதில் பலகையின் வரிகளைப் போல ரேகைகள் பளிச்சென்று ஓடின.

"அதை நான் பார்த்துக்கறேன், மச்சான்" என்றார்.

முதலில் முரட்டுத்தாள், பின்பு நைசுத்தாள். பத்து விரல்களுக்கு இருபது நாள்கள் பிடித்தன. கடைசி வாரம் மனைவிதான் ஊட்டிவிட வேண்டியிருந்தது.

"எது வந்தாலும் எங்கண்ணன் பேரு மட்டும் வெளியே வரக் கூடாது. என் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணுங்க" என்றாள்.

எரிச்சலைப் பொறுத்துக்கொண்டு அடித்தார்.

அயல்நாட்டு விமான நிலையத்து இயந்திரம் பத்து விரல்களையும் பார்த்துவிட்டுக் கையை விரித்தது. அவரைத் தனியறைக்கு அழைத்துச் சென்றனர். அவருடைய மொழி தெரிந்த பெண் அதிகாரி ஒருத்தி எதிரே அமர்ந்தாள்.

"ரேகை ஒண்ணுமே விழலையே, ஐயா?"

"சலவை வேலைங்க, அம்மா. காரத்துல கையை வெச்சு வெச்சுத் தேய்ஞ்சு போச்சு." ஒப்பித்த பாடம் தடங்கலின்றி வந்தது.

"அடப் பாவமே" என்று சொல்லி அவள் கணினியைத் தட்டலானாள்.

உப்புத்தாளுக்குப் போன மூச்சு திரும்பி வந்தது. அந்த நிம்மதியில் அவர் கை மேஜை விளிம்பைத் தடவியது. அங்கே ஒரு பிசிறு இருந்தது. அவர் தடுப்பதற்குள் பையிலிருந்த துண்டு வெளியே வந்துவிட்டது.

அதிகாரி சற்று நேரம் வேடிக்கை பார்த்தாள்.

"நல்லா வழவழன்னு ஆயிடுச்சு, போதும்" என்று கணினித் திரையை அவர் பக்கம் திருப்பினாள். தாடியில்லாத அவருடைய முகம் அதில் இருந்தது.

"அஞ்சு வருஷம் முன்னாடி ஒரு பாலிஷ்காரரைத் திருப்பி அனுப்பினோம். மரத்தைத் தேய்ச்சுத் தேய்ச்சுப் பத்து விரல்லயும் ரேகை போயிருந்தது. ரேகையே இல்லாத ஆள்னு எங்ககிட்ட பதிவாகி இருக்கறது அவர் ஒருத்தர்தான்."

உப்புத்தாள் கையிலிருந்த துண்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

"வேலையை விட்டா ரேகை திரும்ப வளர்ந்துடும், ஐயா. விரலைச் சும்மா விட்டிருந்தா இந்த மெஷினுக்கு உங்களை அடையாளமே தெரிஞ்சிருக்காது."

"ஆயுள் தடைன்னு சொன்னாங்க, அம்மா. அதனாலதான்..."

"ஆயுளா? அஞ்சு வருஷம்னு தாள்லயே போட்டிருக்கே! அதுவும் போன மாசமே முடிஞ்சாச்சு. சொந்தப் பேர்ல விசா கேட்டிருந்தா, குடுத்திருப்போம். எந்த மகாராசன் படிச்சுச் சொன்னாரு?"

அவள் ஒரு வெள்ளைத்தாளையும் பேனாவையும் நகர்த்தி வைத்தாள்.

"இந்தப் பாஸ்போர்ட்டை யாரு பண்ணிக் குடுத்தாங்கன்னு எழுதுங்க. தண்டனை குறையும். அவசரமில்லை, நிதானமா யோசிங்க."

மனைவியின் தலையில் அடித்த சத்தியம் உப்புத்தாளின் நினைவுக்கு வந்தது. தொடர்ந்து, அந்த வாசலோர நாற்காலியும் வந்தது.

மைத்துனரின் பெயர், அலுவலக விலாசம், அவர் தவறாமல் இருக்கையில் இருக்கும் நேரம் ஆகிய மூன்றையும், ஒரு பிசிறும் இல்லாமல் எழுதிக் கொடுத்துவிடுவது என்று அவர் முடிவு செய்தார்.