ஜெப்ஸியின் சாட்சி

துறைமுகத்தில் கப்பல் ஊதுகிறது. தேவாலய ஜன்னல் கம்பியைப் பிடித்து நிற்கும் ஜெப்ஸிக்கு அது உள்ளங்கையில் அதிர்வாக மட்டும் வந்து சேர்கிறது. பிறவியிலேயே காது கேளாதவள். நாளை இலங்கைக்கு, தன்னைப் போன்ற பிள்ளைகளுக்குச் சம்பளமில்லாமல் ஊழியம் செய்யப் புறப்படுகிறாள். அவளை வழியனுப்பத்தான் இந்தக் கூட்டம். “பேச வராத புள்ள அங்கன போயி என்னத்த ஊழியம் செய்யும்?” என்று முணுமுணுக்கும் சபை மூப்பர் பொன்னுதுரையின் உதடுகளை அவள் வாசித்துவிடுகிறாள். கர்த்தர் தன்னை நடத்திய விதத்தைத் தனக்குப் பதிலாகச் சாட்சியாகச் சொல்ல எழுந்த தன் தம்பியின் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கி, நிறுத்தி, மேஜையில் கவிழ்க்கிறாள். சாய்ந்த வெயிலில் சைகை மொழியில் அவள் விரல்கள் விரிகின்றன, மடங்குகின்றன, நெஞ்சைத் தொட்டு மேலேறுகின்றன. கடைசி பெஞ்சில் அவளைப் போலவே காது கேளாத சிநேகிதிகள், கைதட்டலுக்குப் பதிலாக இரு கைகளையும் உயர்த்தி ஆட்டிச் சிரிக்கிறார்கள். “என்னலே சொல்லுதா?” என்கிறார் மூப்பர். தம்பி தயங்குகிறான். சொல்லு என்று அவள் தலையசைக்கிறாள். “எனக்குப் பேச வருது, ஒங்களுக்குத்தான் கேக்கத் தெரியலன்னு சொல்லுதா, அண்ணாச்சி.”